கோப்பு எவர் வசம்?

பஞ்சாப் மாநிலத்து மலேர்கோட்லாவிலுள்ள 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் 2020-ஆம் ஆண்டில் டிஜிட்டல் துணைமின் நிலையமாக உருமாறியது. மாற்றியமைத்தது பவர்கிரிட் நிறுவனம். நாட்டில் பழைய நிலையமொன்றின் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளும் காப்பு ஏற்பாடுகளும் முழுமையாக எண்ம முறைக்கு மாறியது அதுவே முதன்முறை. இன்று மாநில மின்தொடரமைப்புக் கழகங்களும் அவ்வழியில் அடியெடுத்து வைக்க விழைகின்றன. சீனம் இத்தகைய நிலையங்களை ஆயிரக்கணக்கில் கட்டி முடித்துவிட்டதே, நாம் ஏன் தயங்க வேண்டும் என்று வினவுவோரும் உளர். தயங்க வேண்டியதில்லை, எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்கினால் போதும். மின்வாரியங்களோ இதனை இன்னமும் மின்மாற்றி, கேபிள் வரிசையில் மற்றுமொரு தளவாடமாகவே கருதி விலை கேட்கின்றன. கட்டுப்பாட்டு அறையின் பலகைகளிலும் வரைபடங்களிலும் பரவிக் கிடந்த நிலையத்தின் அறிவு முழுவதும் ஒரு கணினிக் கோப்புக்குள் குடியேறுவதே இம்மாற்றத்தின் உட்கிடை. அக்கோப்பு எவர் வசம் இருக்கும் என்பதை முடிவு செய்யாமல் விலைப்புள்ளி கோருவது பொறுப்புடைய செயலாகாது.

துணைமின் நிலையத்தின் திறந்த முற்றத்தில் நிற்கும் மின்னோட்ட மாற்றிகள் ஆயிரக்கணக்கான ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைத்துத் தருகின்றன. மின்னழுத்த மாற்றிகள் இலட்சக்கணக்கான வோல்ட்டை 110 வோல்ட்டாக்குகின்றன. அச்சிறு மின்னோட்டம் செப்புக் கேபிள் வழியே நெடுந்தொலைவு கடந்து கட்டுப்பாட்டு அறையிலுள்ள காப்பு ரிலேக்களை வந்தடைகிறது. பழுதை உணர்ந்த ரிலே மற்றொரு செப்புக் கம்பி வழியாக, தடத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு ஆணையிடுகிறது. தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஏற்பாடு இது. எண்ம முறையிலோ, முற்றத்திலேயே நிற்கும் மெர்ஜிங் யூனிட் என்னும் கருவி அம்மின்னோட்டத்தை நொடிக்கு 4000 முறை அளந்து, எண்களாக்கி, ஒளியிழையில் செலுத்திவிடுகிறது. பிரேக்கருக்கான ஆணையும் 3 மில்லிநொடிக்குள் சேர வேண்டிய வலையமைப்புச் செய்தியாகவே செல்கிறது. இக்கருவிகள் தமக்குள் உரையாடும் முறையை வகுத்திருப்பது ஐ.இ.சி. 61850 என்னும் பன்னாட்டுத் தரம். அதன் முதற்பதிப்பு வெளிவந்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே இது பரிசோதனைக்கூடத்துப் புதுமையன்று.

இதன் நன்மைகள் மெய்யானவை. கேபிள் அகழிகளில் அடைந்து கிடக்கும் செம்பின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடும். மின்னோட்ட மாற்றியின் துணைச்சுற்று தவறுதலாகத் திறந்துகொண்டால் அதன் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். களப்பணியாளரின் உயிருக்கே உலை வைக்கும் அந்த இடர் கட்டுப்பாட்டு அறையை விட்டு நீங்கிவிடும். பழைய முறையில் அறுந்த கம்பி அடுத்த சோதனை வரையில், சில வேளை அடுத்த விபத்து வரையில், அறுந்தே கிடக்கும். எண்ம முறையில் இழை அறுந்த கணமே எச்சரிக்கை எழும். நேர்ந்தவை யாவும் துல்லியமான நேர முத்திரையுடன் பதிவாகும். 2012 ஜூலை 30 பின்னிரவு 2.33 மணிக்கு பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டது. தடத்தில் பழுது ஏதுமில்லை. மிகுசுமையைப் பழுதெனக் கொண்டு ரிலே செயற்பட்டது. வடமாநில மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று தொகுப்புகள் ஒருசேர வீழ்ந்து, ஏறத்தாழ 62 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றி நின்றது. காப்பு ஏற்பாடுகளைப் புறத்தார் தணிக்கை செய்ய வேண்டுமென்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. ஒரு ரிலேயின் தீர்ப்பு எத்துணைப் பெரிய விளைவுக்கு வித்தாகலாம் என்பதை அறிந்த நாட்டில், அத்தீர்ப்பின் பதிவுகள் தெளிவாகக் கிடைப்பது சிறு ஆதாயமன்று.

இடர்ப்பாடு தொடங்கும் இடம் நாளாந்தப் பராமரிப்பு. இன்று ரிலே சோதனைக்கு வரும் பொறியாளர் லைன் கிளியர் (தடத்தில் வேலை செய்வதற்கான அனுமதி) பெற்றபின் பலகையின் பின்கதவைத் திறக்கிறார். முனைப்பட்டையில் மின்னோட்ட மாற்றியின் இணைப்புகளைக் குறுக்கே இணைக்கிறார். பிரேக்கருக்கு ஆணை செல்லும் டிரிப் சுற்றின் திருகைத் தளர்த்தி இணைப்பை விலக்கி வைக்கிறார். விலக்கிய இடம் கண்ணுக்குத் தெரியும். உடன் நிற்கும் உதவியாளரும் அதனைப் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் விளக்கைப் பிடித்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் எதை மீட்டு இணைக்க வேண்டும் என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி. எண்ம நிலையத்தில் விலக்கி வைப்பதற்குத் திருகு இல்லை. ரிலேயைச் சோதனை நிலைக்கு மாற்றும் ஆணையைத் திரையில் இடுகிறார். அந்த ரிலே அனுப்பும் செய்திகள் சோதனைக்குரியவை என்று ஏனைய கருவிகள் உணர்ந்து, பிரேக்கரைத் தொடாமல் இருக்க வேண்டும். தரத்தின் முதற்பதிப்பை ஒட்டிச் செய்த கருவி ஒன்று நடுவே இருந்தாலோ, ஒரு நிறுவனம் அப்பகுதிக்கு வேறு பொருள் கொண்டிருந்தாலோ, சோதனைக்கு எழுந்த ஆணை மின்னோடும் தடத்தைத் துண்டித்துவிடக்கூடும். எந்த ஆணை எங்கே தடுக்கப்பட்டிருக்கிறது என்பதை உடன் நிற்கும் உதவியாளரால் காண இயலாது. முப்பது ஆண்டுகள் முனைப்பட்டையோடு பழகிய கைகளுக்கு இங்கு வேலையில்லை. வேலையுள்ள புதிய கண்களை எந்த வாரியமும் போதிய எண்ணிக்கையில் உருவாக்கியதாகத் தெரியவில்லை.

இனி, கோப்புக்கு வருவோம். நிலையத்தில் எத்தனை கருவிகள் உள்ளன, எந்தக் கருவி எந்தச் செய்தியை அனுப்புகிறது, எது அதனைக் கேட்கிறது, எந்த முகவரி, எந்தப் பெயர் என்பன அனைத்தும் எஸ்.சி.டி. என்னும் ஒரே கோப்பில் அடங்கும். நிலையத்தின் ஜாதகம் அது. அதில் ஒரு வரி பிசகினால் ரிலே கேட்க வேண்டியதைக் கேளாது. பழைய நிலையத்தின் கம்பி வரைபடம் பழுப்பேறியிருந்தாலும், மடிப்பில் கிழிந்திருந்தாலும், வாரியத்தின் அலமாரியில் இருக்கும். எந்தப் பொறியாளரும் அதை விரித்துப் படிக்கலாம். இந்தக் கோப்போ, பெரும்பாலும் கருவி விற்ற நிறுவனத்தின் மென்பொருளில், அந்நிறுவனப் பொறியாளரின் மடிக்கணினியில் பிறக்கிறது. பணி முடிந்து அவர் விடைபெறும்போது இறுதி வடிவம் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டதா, அதனைத் திறக்கும் மென்பொருளுக்கு வாரியத்திடம் உரிமம் உண்டா, பின்னர் களத்தில் செய்த சிறு திருத்தங்கள் கோப்பில் ஏறினவா என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பது அரிது. கடவுச்சொல்லைக்கூட விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டுப் பெறும் வாரியம் தன் நிலையத்தைத் தானே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

பன்னாட்டுத் தரம் இருக்கும்போது ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்க நேராது என்பது விற்பனை மேடைகளில் கேட்கும் வாதம். அது பாதி உண்மை. இரு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியும் என்பதற்கு மட்டுமே தரம் உறுதியளிக்கிறது. ஒன்றைக் கழற்றி அவ்விடத்தில் மற்றொன்றை மாட்டிவிடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் விஷா நகர்த் துணைமின் நிலையத்தில் பல நிறுவனங்களின் கருவிகளை ஒருங்கே இயக்கிப் பார்ப்பதற்கென்றே ஃபிட்னஸ் என்ற தனித்திட்டம் வகுத்துப் பல ஆண்டுகள் செலவிட்டனர். பிரித்தானிய மின்துறையே அவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட ஒருங்கிணைப்பை இங்கு ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று ஒற்றை வரியில் எழுதி முடித்துவிடுகிறோம்.

இந்தியச் சூழலில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மாநிலங்களுக்கிடையிலான மின்தடங்களை இன்று கட்டண அடிப்படையிலான போட்டி ஏலத்தில் வென்ற வெவ்வேறு நிறுவனங்கள் அமைக்கின்றன. அதனால் ஒரே வளாகத்துக்குள் ஒருவருடைய நிலையத்தில் இன்னொருவருடைய பே, அதாவது ஒரு தடம் வந்து சேரும் பிரேக்கர் பகுதி, வந்து இணைகிறது. செப்புக் கம்பிக் காலத்தில் இருவருக்கும் இடையிலான எல்லை ஒரு முனைப்பெட்டி; இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்று கை காட்டிவிடலாம். எண்ம நிலையத்தில் அந்த எல்லை எங்கே? தடங்கள் வந்து கூடும் பொதுக்கம்பியான பஸ்பாரின் காப்பை எடுத்துக்கொள்வோம். பஸ்பாரில் நுழையும் மின்னோட்டங்களையும் வெளியேறும் மின்னோட்டங்களையும் கூட்டிப் பார்த்து, கணக்கு இடித்தால் அந்தப் பஸ்பாரின் பிரேக்கர்கள் அனைத்தையும் திறக்கும் ஏற்பாடு அது. புதியவரின் மெர்ஜிங் யூனிட் அனுப்பும் எண்களும் அக்கூட்டலில் சேர்ந்தாக வேண்டும். ஆகவே பழையவரின் கோப்பைத் திறந்து திருத்தியாக வேண்டும். திருத்துபவர் யார்? திருத்தியபின் ஏனைய பே-க்கள் அனைத்தையும் மறுசோதனை செய்ய மின்தடை வழங்குபவர் யார்? தவறான எண்ணால் நிலையமே இருண்டால் இழப்பீடு எவர் தலையில் விழும்? ஏல ஆவணங்கள் முனைப்பெட்டிக் காலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இக்கேள்விகளுக்கு அவற்றில் விடை தேடுவது வீண். மத்திய மின்சார ஆணையம் இதற்கெனத் தனி விதி வகுக்கும் வரை, பல உடைமையாளர் கூடும் வளாகங்களில் பஸ்பார் காப்பை எண்ம வலையமைப்பில் ஏற்றாமல் இருப்பதே விவேகம் என்பது நம் கருத்து.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். வெவ்வேறு இடங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட வேண்டுமானால் அவற்றை எடுத்த கடிகாரங்கள் 1 மைக்ரோநொடிக்குள் ஒத்திருக்க வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. 2016 ஜனவரி 26 அன்று, பழைய செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விடுவித்தபோது நேர்ந்த பிழையால், ஜி.பி.எஸ். அறிவித்த நேரம் ஏறத்தாழ 13 மைக்ரோநொடி பிறழ்ந்து பல மணிநேரம் அப்படியே நீடித்தது. 50 ஹெர்ட்ஸ் அலையில் அது கால் பாகை அளவே. அதனால் மட்டும் எந்தத் தடமும் அறுந்துவிடாது. எனினும், சொந்த முற்றத்தில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பதற்கு அயல்நாட்டுப் படைத்துறையின் கடிகாரத்தை நம்பியிருக்கிறோம் என்ற நினைவு வாரியத் தலைவர்களுக்கு வேண்டும். நம் நாட்டின் சொந்த வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் முதற்செயற்கைக்கோளிலேயே அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றன. அதே அமைப்புக்காக 2023-இல் ஏவிய என்.வி.எஸ்.-01 உள்நாட்டு அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றிருக்கிறது. ஜி.பி.எஸ்., நாவிக் என்ற இரு வழிகளிலும் நேரம் பெறும் கடிகாரங்களையே கோர வேண்டும்.

உக்ரைனின் அனுபவம் இன்னும் கடுமையானது. 2015 டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் மூன்று மின்பகிர்மான நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், பணியாளர் கண்முன்னே திரையில் சுட்டியை நகர்த்திப் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தனர். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். ஊடுருவியவர்கள் அத்துடன் நில்லாமல், துணைமின் நிலையங்களின் தொடர்புக் கருவிகளில் இருந்த மென்பொருளையும் அழித்துவிட்டுச் சென்றனர். சில மணிநேரத்தில் மின்சாரம் மீண்டதென்றால், பணியாளர்கள் வண்டியேறி நிலையங்களுக்குச் சென்று பிரேக்கர்களைக் கையால் மூடியதே காரணம். மறு ஆண்டு டிசம்பரில் கீவ் நகர் அருகே பிவ்னிச்னா நிலையம் தாக்குண்டது. இம்முறை மனிதன் சுட்டியை நகர்த்தவில்லை. இண்டஸ்ட்ராயர் என்று பின்னர் பெயர்பெற்ற நிரல், துணைமின் நிலையக் கருவிகளின் மொழிகளைத் தானே பேசியது. அது கற்றிருந்த மொழிகளுள் ஐ.இ.சி. 61850-உம் ஒன்று.

அந்நிரலில் காப்பு ரிலே ஒன்றை உறைய வைப்பதற்கான பகுதியும் இருந்தது. அது பயன்படுத்த முயன்ற குறையைக் களையும் மென்பொருளை உற்பத்தி நிறுவனம் முந்தைய ஆண்டே வெளியிட்டிருந்தது. வெளியான திருத்தத்தை உடனே ஏற்றிக்கொள்வது அலுவலகக் கணினியில் எளிது. ரிலேயில் ஏற்ற வேண்டுமானால் தடத்துக்கு லைன் கிளியர் வேண்டும், ஏற்றியபின் முழுச் சோதனை வேண்டும், சுமை மிகுந்த கோடையில் சுமைப் பகிர்வு மையம் அதற்கு இசைய வேண்டும். ஆகவே திருத்தம் கிடப்பில் கிடக்கிறது. இறக்குமதிக் கருவிகளில் தீநிரல் உண்டா என்று சோதிக்க மத்திய மின்துறை அமைச்சகம் 2020 ஜூலையில் ஆணையிட்டது. இணையப் பாதுகாப்பு நெறிகளை மத்திய மின்சார ஆணையம் 2021-இல் வெளியிட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் தணிக்கைப் படிவத்தில் குறியிட்டு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் அலுவலகப் பழக்கம் அவற்றால் மாறிவிடவில்லை. ரிலேக்களின் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கென ஆண்டுதோறும் மின்தடை நாட்களை முன்கூட்டியே ஒதுக்கும் மாநிலம் எது? அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஆளில்லா நிலையங்களை எண்ம முறையின் தலையாய ஆதாயமாகப் பட்டியலிடுகிறோம். திரைகள் ஊமையாகும் நாளில் வண்டியேறிச் சென்று கையால் பிரேக்கரை மூடத் தெரிந்தவர் எத்தனை பேர் அப்போது எஞ்சியிருப்பர்?

வெயிலும் வெள்ளமும் எண்ம முறைக்கு உரிய தனிப் பகைகளல்ல. ஆயினும் குளிரூட்டிய அறைக்குள் இருந்த மின்னணுவியலை முற்றத்துப் பெட்டிக்கு மாற்றும்போது அவற்றின் கணக்கு மாறுகிறது. உச்சிவெயிலில் உலோகப் பெட்டியின் உள்வெப்பம் வெளிவெப்பத்தை வெகுவாக விஞ்சும். எண்ணூர்க் கரையின் உப்புக்காற்றையும், 2015 பெருவெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னையின் நீர்மட்டத்தையும் ஐரோப்பிய விவரக்குறிப்பை அப்படியே பெயர்த்தெழுதும் ஆவணங்கள் அறியா. பெட்டியின் பீடத்தை எத்தனை அடி உயர்த்துவது என்பதை அந்தந்த நிலையத்து உதவிப் பொறியாளரிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் அடியில் மனிதர்கள் இருக்கிறார்கள். மின்வாரியங்களில் காப்புப் பிரிவும் தொடர்புப் பிரிவும் வெவ்வேறு மரபில் வளர்ந்தவை. ரிலேயின் நுட்பம் அறிந்தவருக்கு வலையமைப்பு அயலானது. வலையமைப்பு அறிந்தவருக்குப் பழுது மின்னோட்டத்தின் சீற்றம் தெரியாது. எண்ம நிலையத்தில் ஒரே பழுது இரண்டிலும் கால் வைத்து நிற்கும். ஒரு மெர்ஜிங் யூனிட்டின் அளவுகள் மட்டும் வலையமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் இடத்தைப் பிடிக்கும். சுவிட்ச் கருவியில் ஒரு தவறான அமைப்பால் அவ்வெள்ளம் வேண்டாத இடத்துக்குத் திரும்பினால், அதைக் கண்டுபிடிக்க இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். பயிற்சி பெற்ற சிலரோ, மூன்றாண்டில் பொது மாறுதலில் அலுவலக மேசைக்கோ பகிர்மான வட்டத்துக்கோ அனுப்பப்படுகின்றனர். ஓய்வுபெறுவோரின் இடங்கள் நிரப்பப்படாமலே கிடக்கின்றன. காப்பும் தொடர்பும் இணைந்த தனிப்பிரிவு, அதற்குள்ளேயே பதவி உயர்வு, பத்தாண்டேனும் மாறுதலற்ற பணி என்ற மூன்றையும் ஏற்க மனமில்லாத வாரியம் எண்ம நிலையத்தை விரும்பாதிருப்பது நல்லது.

செலவுக் கணக்கில்தான் இக்குறைகள் யாவும் மறைந்து கிடக்கின்றன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகள் துணைமின் நிலையத்தின் பயன்வாழ்வை 25 ஆண்டுகளாகக் கொள்கின்றன. மின்மாற்றி அதற்கு மேலும் உழைக்கும். எண்ம ரிலே அதற்குள் ஒருமுறை மாறிவிடும். வலையமைப்பு சுவிட்ச் பத்தாண்டு தாங்குவதே பெரிது. கட்டுமானத்தில் இட்ட முதலுக்கு ஆதாயம் கிடைக்கிறது. ஆண்டுதோறும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஆட்களைப் பயிற்றவும் செய்யும் செலவோ, இயக்கப் பராமரிப்பு என்ற இறுக்கமான உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். ஆகவே வாங்குவதற்குத் தூண்டுதல் உண்டு, பேணுவதற்கு இல்லை. குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்ற நெறி இதற்குத் துணைபோகிறது: முதல்நாள் விலையைக் குறைத்துக் காட்டி, பின்வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் விலை வைப்பவரே அதில் வெல்வார்.

மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் எண்ம நிலையங்களின் மென்பொருள், பயிற்சிச் செலவுகளைத் தனித்தலைப்பில் ஏற்க வேண்டும். மின்தொடரமைப்புக் கழகங்கள் 25 ஆண்டுக்கான முழுச் செலவையும் விலைப்புள்ளியிலேயே கேட்டு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 765 அல்லது 400 கிலோவோல்ட்டில் தொடங்கிப் பெயர் வாங்கும் ஆசையை விட்டு, தவறு நேர்ந்தால் ஒரு வட்டாரத்தோடு நிற்கும் 110 கிலோவோல்ட் நிலையமொன்றில் தொடங்கலாம். அந்நிலையத்தின் கருவிகளுக்கு ஒத்த நகல் ஒன்றைக் கழகத்தின் சொந்தச் சோதனைக்கூடத்தில் நிறுவி, கோப்பில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் அங்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒப்பந்த ஆவணத்தில், கோப்பின் இறுதி வடிவமும் அதைத் திறந்து திருத்தும் மென்பொருளின் நிலையான உரிமமும் கடவுச்சொற்களும் கழகத்தின் சொத்து என்ற பிரிவு வேண்டும். கழகத்தின் பொறியாளர்கள் இருவர், ஒப்பந்ததாரரின் துணையின்றி, ஒரு பே-யைக் கோப்பில் சேர்த்து நீக்கிக் காட்டிய பின்னரே இறுதித் தவணை வழங்கப்படும் என்ற நிபந்தனையும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.